நீண்ட நாள் தங்கும் விசா: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். நான் விசா ஏஜென்ட் இல்லை, வக்கீலும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் போட வந்தவர்கள் "அண்ணா, அப்படியே விசா ஃபாரமையும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று உட்கார ஆரம்பித்து, இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிற பையன், லண்டனில் வேலை கிடைத்த நர்ஸ், துபாயில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போகிற பெண், இத்தாலியில் தோல் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வரும் ஆம்பூர்க்காரர். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றேதான். தினம் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் பார்த்த வரையில், தூதரகம் நம்மைத் திருப்பி அனுப்புவதைவிட நம் பேப்பர்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டு நாள் போவதுதான் அதிகம். அந்தச் சண்டையை வேலூரிலேயே தீர்க்க வேண்டும், சென்னையில் போய் கவுன்ட்டரில் நின்றுகொண்டு தீர்க்க முடியாது. அதனால் இதில் பாதி பேப்பர் புராணமாகத்தான் இருக்கும். கட்டணம், வைப்புத் தொகை எல்லாம் அடிக்கடி மாறுகிறவை, பணம் கட்டுவதற்கு முந்தின நாள் அந்தந்த நாட்டின் அரசு தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. இதைச் சொல்லித் தருகிற "தெரிந்தவர்" ஒருவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம், அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் அந்தந்த நாடு தனியாகக் கொடுக்கும் 'டி' வகை விசா வேண்டும், அதை இங்கே இருந்தே வாங்கிக்கொண்டு போக வேண்டும். 90 நாள் முடிந்து பக்கத்து நாட்டுக்கு ஒரு எட்டுப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதும் தப்பு, ஷெங்கனில் எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு.

வளைகுடாவுக்கு விசிட் விசாவில் போய் வேலை தேடுவது இன்னும் மோசம். வேலை கொடுத்தவன் சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லக்கூட உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்காது.

எனக்கு எந்த விசா?

எதற்குப் போகிறீர்கள்? படிக்க, வேலைக்கு, கணவன் அல்லது மனைவியிடம். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. வேலை கையில் இல்லாமலே போய்த் தேடுவதற்கு ஜெர்மனி 2024 ஜூன் முதல் 'சான்ஸன்கார்ட்டே' என்று ஒன்று கொடுக்கிறது. படிப்பு, அனுபவம், மொழி, வயது எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, கையில் ஓராண்டு செலவுக்குப் பணமும் காட்டச் சொல்வார்கள். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த திறன் தொழிலாளர் விசாவை 90,000 வரை உயர்த்துவதாக 2024-இல் அவர்கள் அறிவித்ததிலிருந்து கடையில் ஜெர்மனி பேச்சுதான். 90,000 என்று கேட்டதும் அதில் ஒன்று நமக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதே?

நம் ஊர்க்காரர்களுக்கென்றே வந்த தலைவலி இது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிக்கூட சர்டிஃபிகேட்டில் 'கே. சரவணன்', ஆதாரில் 'சரவணன் கே', பான் கார்டில் 'சரவணன் குப்புசாமி', பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'சரவணன் குப்புசாமி', சர்நேம் காலி. நமக்கு நாலும் ஒரே ஆள். அங்கே கம்ப்யூட்டருக்கு நாலு ஆள்.

காலியாக இருந்தால் குற்றம் ஒன்றுமில்லை, சட்டப்படி செல்லும் பாஸ்போர்ட்தான். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல்லாகப் பெயர் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று சொன்னபோது இங்கே எத்தனை பேர் டிக்கெட்டோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் புதிதாக எடுப்பவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் நான் சொல்வது: இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். ஆனால் விசா வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் பாஸ்போர்ட்டில் கை வைக்காதீர்கள். கல்லூரி அனுமதிக் கடிதம், வேலை ஒப்பந்தம் எல்லாம் பழைய பெயரில், பழைய நம்பரில் இருக்கும்.

எழுத்துக் கூட்டல் இன்னொரு கதை. குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பெயர் சண்முகப்பிரியா. பத்தாவது மார்க்ஷீட்டில் 'எஸ்' மட்டும், டிகிரியில் 'எஸ்எச்', பாஸ்போர்ட்டில் 'எஸ்எச்' போட்டு நடுவில் ஒரு இடைவெளி. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இந்த மாதிரி ஓரெழுத்து வித்தியாசத்துக்கு நோட்டரியிடம் "இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்" என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைப்பது பல இடங்களில் போதும். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குச் சென்னையில் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சில வாரங்கள் ஆகும்.

ஒரு பேப்பரில் வட ஆற்காடு, ஒன்றில் வேலூர், ஒன்றில் ராணிப்பேட்டை. எதைப் போடுவது?

ஆற்காட்டில் 1988-இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் அதை இரண்டாகப் பிரித்து, திருவண்ணாமலைப் பக்கம் சம்புவராயர் மாவட்டம், நம் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றார்கள். பிறகு நம் பக்கம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் வேலூரை மூன்றாக்கி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாகப் போயின. மனிதர் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, மாவட்டத்தின் பெயர் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளி டி.சி.யில் ஒன்று, பழைய பாஸ்போர்ட்டில் ஒன்று, புது ஆதாரில் ஒன்று.

விதி எளிது. பிறந்த இடம் என்று கேட்கிற கட்டத்தில் உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் போடுங்கள். இன்றைய முகவரி என்று கேட்கிற இடத்தில் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள். இரண்டையும் "சரி பண்ணுகிறேன்" என்று ஒன்றாக்கப் போனால்தான் குழப்பம். அரக்கோணம், வாலாஜா, சோளிங்கர் பக்கத்துக்காரர்கள் இப்போது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டம். ஆதாரில் இன்னும் வேலூர் என்றே இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணை எந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பதும் அதை வைத்துத்தான்.

அதிகாரி கேட்டால் காட்ட ஒரு பக்கத்தில் சின்ன விளக்கக் கடிதம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். "பிறந்தபோது இந்த மாவட்டம், இந்த ஆண்டு பிரிக்கப்பட்டது, ஊர் ஒன்றே" என்று நாலே வரி. பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறப்புச் சான்றில் பெயரே இல்லை, அல்லது சான்றே இல்லை.

பழைய சான்றுகளில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பிறந்து 15 ஆண்டுக்குள் என்றால் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது தனியாக அவகாசம் கொடுக்கும், பிறந்த ஊரின் நகராட்சியிலோ கிராமமாக இருந்தால் வி.ஏ.ஓ.விடமோ முதலில் கேளுங்கள். பதிவே ஆகவில்லை என்றால், முதலில் "பதிவில் இல்லை" என்ற சான்று வாங்கி, பிறகு ஆர்.டி.ஓ. உத்தரவோடு பதிவு செய்ய வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், எனவே வெளிநாடு என்ற எண்ணம் வந்த அன்றே தொடங்குங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்று மட்டுமே செல்லும்.

சர்டிஃபிகேட்டை எல்லாம் லேமினேட் பண்ணி பத்திரமாக வைத்திருக்கிறேன்...

அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இருபது வருஷமாக எத்தனை மார்க்ஷீட்டை அந்த மிஷினுக்குள் தள்ளியிருப்பேன்! சான்றொப்பம் போடும்போது அசலின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் ஒன்றும் நிற்காது. பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு பெரியவர் மகளுடைய டிகிரியைக் கொண்டுவந்து, "இன்னாபா இது, நீதானே ஒட்டிக் கொடுத்தே, நீயே பிரிச்சுக் கொடு" என்று மேஜைமேல் வைத்துவிட்டார். ஓரத்தை பிளேடால் கீறி, முடி காயவைக்கும் மிஷினை அரைச் சாண் தூரத்தில் பிடித்து, சூடு ஏற ஏற ஒரு மூலையிலிருந்து மெள்ள உரித்தேன். முக்கால் மணி நேரம். எழுத்து தப்பியது, பல்கலைக்கழகத்தின் பொன்னிற முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. கடைசியில் நகல் பட்டம் வாங்கத்தான் வேண்டியிருந்தது. நீங்களே வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்து முயற்சி செய்யாதீர்கள். இப்போதெல்லாம் அசல் சான்றை லேமினேஷனுக்குக் கொண்டுவந்தால் நான் வாங்குவதே இல்லை, கவரில் போட்டு வையுங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன்.

அப்போஸ்டில், அட்டெஸ்டேஷன், இரண்டும் ஒன்றா?

இல்லை. ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று, இந்தியா அதில் 2005-இல் சேர்ந்தது. அதில் இருக்கும் இன்னொரு நாட்டுக்குப் போகிற பேப்பருக்கு நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் ஒரு ஸ்டிக்கர் போதும், அதுதான் அப்போஸ்டில். இத்தாலி, பிரான்ஸ் எல்லாம் இந்த வகை. அமீரகம், கத்தார், குவைத் அந்த உடன்படிக்கையில் இல்லை, அதனால் அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகமும் முத்திரை போட வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் மாநில அரசின் சான்றொப்பம் வேண்டும். படிப்புச் சான்றுக்கு ஒரு துறை, பிறப்பு, திருமணச் சான்றுக்கு இன்னொரு துறை, இரண்டும் சென்னையில். அமைச்சக வேலைக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை, 2019 முதல் சென்னையிலேயே நடக்கிறது. அரசு வாங்கும் அப்போஸ்டில் கட்டணம் ஒரு பேப்பருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் பேப்பரை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். யாராவது ஒரு சர்டிஃபிகேட்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்றால் மீதிப் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இதில் அவசரப்பட வேண்டாம். இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் சொன்ன நாடு, அதனால் நம் அப்போஸ்டில் அங்கே எடுபடாது. அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் ஆள் வைத்து நேரிலேயே சரிபார்ப்பார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா மார்க்ஷீட்டுக்கும் அப்போஸ்டில் போட்டுக்கொண்டு வந்த காட்பாடிப் பையனைப் பார்த்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஜெர்மனியில் படிக்க என்னென்ன வேண்டும்?

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்று கட்டாயம். உங்கள் டிகிரி உண்மையானதுதான் என்று ஜெர்மனித் தரப்பு சரிபார்த்துக் கொடுக்கும் சான்று, கட்டணம் 18,000 ரூபாய். சில வாரங்கள் ஆகும், சீசனில் இன்னும் இழுக்கும், எனவே அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்ணையும் தொகுத்துப் பல்கலைக்கழகம் கொடுப்பது) வாங்கும்போது உங்கள் பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகம் எது என்று பாருங்கள், கல்லூரி எது என்று அல்ல. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல்தான் வந்தது, அதற்கு முன்னால் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலோ முத்துரங்கம் கல்லூரியிலோ படித்தவர்களின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போய் அரைநாள் நின்றுவிட்டு, அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சேப்பாக்கம் போனவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு, முடக்கப்பட்ட கணக்கு. ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், மாதம் 992 யூரோ மட்டும் எடுக்க விடுவார்கள். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று வங்கியே வரி பிடிக்கும், ஆனால் வங்கிக் கல்விக் கடனில் போகிற பணத்துக்கு அது இல்லை. விசா கட்டணம் 75 யூரோ.

பேங்க்கில் எவ்வளவு இருக்க வேண்டும்? கடைசி வாரத்தில் போட்டால் போதுமா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்க மாட்டார்கள், மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்பார்கள். நம் வீடுகளில் பணம் பேங்க்கில் தூங்குவதில்லை. சீட்டில் இருக்கும், நகையாக இருக்கும், தம்பிக்குக் கொடுத்த கைமாற்றாக இருக்கும். விசா என்றதும் எல்லாவற்றையும் திரட்டி ஒரே நாளில் கணக்கில் கொட்டுவோம். கணக்கைப் பார்க்கிறவர் கண்ணுக்கு, ஆறு மாதமாக நாலாயிரம் ஐயாயிரம் என்று ஓடிக்கொண்டிருந்த பாஸ்புக்கில் திடீரென்று பதினைந்து லட்சம்.

பிரிட்டனுக்கு மாணவர் விசா என்றால் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. அந்த 28-ஆவது நாளுக்கும் விண்ணப்பம் போடும் நாளுக்கும் 31 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. நடுவில் யாரோ ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டதால் ஒரு மாதம் தள்ளிப்போன வீடு எனக்குத் தெரியும், பாவம் அந்த அம்மா மளிகைக்குத்தான் எடுத்தார்.

நகைக் கடன் போட்டுத்தான் பணம் வந்தது என்றால் அந்த ரசீதை வையுங்கள். நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகல். சீட்டு எடுத்த பணம் என்றால் பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனியின் கடிதம். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால், திடீரென்று வந்ததைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வட்டிக்குப் பணம் வாங்கிப் பத்து நாள் "காட்டிவிட்டு" திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் கொடுத்து மாட்டினால் பிரிட்டன் பத்து ஆண்டு வரை உள்ளே விடாது.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம், இன்னும் ரிஜிஸ்டர் பண்ணவில்லை.

மண்டப ரசீது, பத்திரிகை, ஆல்பம் எதுவும் செல்லாது, திருமணப் பதிவுச் சான்றுதான் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 நவம்பரிலிருந்து எல்லா மதத்தினருக்கும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்திருக்க வேண்டும். விட்டுப்போனவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், வழி இருக்கிறது. அந்தச் சான்றில் உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே இருக்கிறதா என்று, கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பிறகு திருத்துவது பெரும் பாடு.

கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் கணவன் பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அப்பா பெயரோடேயே போகலாம்.

ஜெர்மன் தெரியாமல் மனைவி போக முடியாதா?

கணவன் கையில் எந்த அனுமதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இ.யூ. புளூ கார்டு (பட்டதாரி வேலைக்காரர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் கொடுக்கும் அனுமதி) என்றால் மனைவிக்கு மொழிச் சான்று கேட்க மாட்டார்கள். மொழி கேட்கும் வகை என்றால் ஏ1, அதாவது தொடக்க நிலை ஜெர்மன். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வு எழுதலாம், இடம் சட்டென்று நிரம்பிவிடும். ஏ1 கஷ்டமில்லை. தொரப்பாடியிலிருந்து வந்த ஒரு அக்கா, ஐம்பது வார்த்தையைச் சமையலறை டப்பாக்களில் ஒட்டி வைத்தே தேறிவிட்டார். உப்பு டப்பாவில் 'சால்ஸ்' என்று இன்னும் ஒட்டியிருக்கிறதாம்.

நர்ஸ் வேலைக்கு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், அல்லது கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய உச்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். பதிவு எண் உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம், என் கடையில் பார்த்துக் கொடுக்கக் காசு வாங்குவதில்லை. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது, அதில் முதலில் பதிந்து வையுங்கள்.

ஜெர்மனியில் நர்ஸாக உரிமம் பெற பொதுவாக பி2 அளவு ஜெர்மன் (ஏ1-ஐவிட மூன்று படி மேலே) வேண்டும். நம் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டுக் குறை இருந்தால் அங்கே போய்ப் பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டும். "மொழி வேண்டாம், மூன்று மாதத்தில் அனுப்புகிறேன்" என்கிறவர் உங்களை நர்ஸாக அனுப்பவில்லை.

பிரிட்டனில் வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் 'கேர் ஒர்க்கர்' வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் அந்தப் பெயரில் காசு வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். மருத்துவமனை நர்ஸ் வேலை வேறு, அது இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கிறது.

'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம், பத்தாவது தேறாதவர்களுக்குப் போடுவது. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறியிருந்தும் அப்படி இருந்தால் மார்க்ஷீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

காசநோய் சோதனை, போலீஸ் சான்று?

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் அவர்கள் பட்டியலில் இருக்கும் கிளினிக்கில்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சென்னையில் உண்டு. நம் ஊரில் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்ததாக இருந்தாலும் பட்டியலில் இல்லாத இடம் என்றால் செல்லாது. சான்று ஆறு மாதம் செல்லும். போலீஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய்.

சென்னை அப்பாயின்ட்மென்ட் நாளில் என்ன செய்வது?

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் இரண்டு மணி நேரம்தான், அதனால் பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் எட்டு மணிக்குப் போய் இறங்குகிற வண்டியைப் பிடிப்பார்கள். அதற்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். காரில் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனு வாங்கும் மையம் தூதரகம் இல்லை, தனியார் நிறுவனம். அங்கே இருப்பவர் பேப்பரை வாங்கி, கைரேகை எடுத்து, மேலே அனுப்புவார், விசா கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. அதனால் அவரிடம் கெஞ்சவும் வேண்டாம், அவர் விற்கும் குரியர், எஸ்.எம்.எஸ்., தனி அறை எல்லாம் வாங்கவும் வேண்டாம், அவை விருப்பம் இருந்தால்தான். ஜெர்மனிக்கு இப்போது முதலில் ஆன்லைனில் பேப்பரை ஏற்றிவிட வேண்டும், அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நேரில் கூப்பிடுவார்கள். மஞ்சள் பூசிய முகத்தோடு எடுத்த போட்டோ, பூ மறைத்த காது, பளபளக்கும் நெற்றி வேண்டாம். ஐரோப்பாவுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், வேறு அளவில் இருக்கும் போட்டோவை வெட்டிச் சின்னதாக்கினால் முகம் அளவுக்கு வராது.

டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகு எடுங்கள். அது வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டார்கள். அடுத்து?

முதலில் கடிதத்தை முழுசாகப் படியுங்கள், காரணம் அதில் இருக்கும். ஜெர்மனி முன்பு மறுபரிசீலனை மனுவைக் கட்டணமின்றி வாங்கிக்கொண்டிருந்தது, 2025 ஜூலை 1 முதல் அது கிடையாது. இனி புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் குறையைச் சரிசெய்து திரும்பப் போடுகிறார்கள். அதே பேப்பரை அப்படியே மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று போடுங்கள், அது அவர்களுக்குத் தெரியும்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொள்ள முடியுமா?

பல நாடுகளில் மிகக் கஷ்டம். ஜெர்மனியில் 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதன்முதலாகத் திறன் தொழிலாளர் அனுமதி பெற்றவர்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் அழைக்கலாம் என்று வழி விட்டார்கள், ஆனால் முழுச் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும், அறுபதைத் தாண்டியவருக்கு அங்கே மருத்துவக் காப்பீடு வாங்குவதில்தான் வண்டி நிற்கும். பிரிட்டனில் முதுகலைப் பாடம் படிக்கப் போகிறவர்கள் 2024 ஜனவரி முதல் கணவன், மனைவி, பிள்ளைகளையே கூட்டிப் போக முடியாது, ஆராய்ச்சிப் படிப்புக்கு விதிவிலக்கு உண்டு. கல்யாணம் முடித்துவிட்டு அனுப்பலாம் என்று திட்டம் போடும் வீட்டார் இதை முதலில் படியுங்கள்.

போய் இறங்கியதும்?

பல நாடுகளில் விசா ஸ்டிக்கர் உள்ளே நுழைய மட்டும், தங்குவதற்கான அட்டை அங்கே வாங்க வேண்டும். ஜெர்மனியில் வீடு பிடித்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். இத்தாலியில் எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு மனு. பிரான்ஸில் மூன்று மாதத்துக்குள் ஆன்லைனில் விசாவை உறுதிப்படுத்த வேண்டும். இங்கே இருக்கும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிவிடுங்கள், யாரும் செய்வதில்லை, ஆனால் செய்ய வேண்டும்.

ஜெராக்ஸ் எத்தனை செட்?

மூன்று. ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்கள் பைக்கு, ஒன்று அம்மாவிடம் பீரோவில். ஏ4 தாளில், ஒருபக்கமாக, ஸ்டேப்ளர் அடிக்காமல். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் எடுங்கள், முகவரி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, பத்துக்கு எட்டுப் பேர் அதை விட்டுவிட்டு மறுபடி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது.